பால் ஆகாத பெண்

கச்சியா மேய்ச்சல் நிலம்,
20 மே 1989

அன்புள்ள சிஸ்டர் தலாத்து அவர்களுக்கு,

உடம்பு எப்படி? அலைச்சல் எப்படி? மைதுகுரி வெயில் எப்படி? நீங்கள் மாற்றலாகிப் போய் ஆறு மாதம் ஆகிறது. மருந்தகத்தில் உங்கள் நாற்காலியில் இப்போது ஒரு ஆள் உட்கார்ந்திருக்கிறார். தலைவலி என்றாலும் மலேரியா, முள் குத்தியது என்றாலும் மலேரியா என்கிறார்.

உங்களுக்கு எத்தனையோ தாசோக்களைத் தெரிந்திருக்கும். நான் சந்தையில் தயிர் விற்கிறவள், கிடாடோவின் மனைவி. எட்டு மாதக் குழந்தையாக இருந்தபோது மாட்டுப்பால் வாயில் பட்டு, உதடு வீங்கி, மூச்சு இழுத்து, உங்கள் மேஜைமேல் கிடந்தாளே கும்போ, அவளுடைய அம்மா. நான் படித்தது ஐந்தாம் வகுப்புவரைதான். எழுத்து கோணினால் சிரிக்காதீர்கள்.

நீங்கள் சொன்னபடிதான் நடக்கிறேன். தாய்ப்பால் மறக்கவைத்த நாளிலிருந்து சோயாப் பால் தவிர வேறு பால் அவள் நாக்கில் படவில்லை. முதல் நாளே ஊறவைத்து, தோல் நீக்கி, அரைத்து, துணியில் பிழிந்து, பொங்கி வழியாமல் கிளறிக் காய்ச்சுகிறேன். காலையில் ஒரு குவளை, சாயங்காலம் ஒரு குவளை. சோளக் களியையும் அதில்தான் கரைத்துக் கொடுக்கிறேன். கருவாடு தின்று உடம்பெல்லாம் தடித்தபோது அதையும் நிறுத்தச் சொன்னீர்கள். நிறுத்திவிட்டேன். "சோயாவில எல்லாம் இருக்கு தாசோ, பயப்படாதே" என்று நீங்கள் சொன்னதைக் கழுத்துத் தாயத்துப்போல வைத்திருக்கிறேன்.

பெயர் வைத்த அன்று அவள் அப்பா அவளுக்கென்று ஒரு கிடாரியை ஒதுக்கினார். எங்கள் வழக்கம் அது. அந்தக் கிடாரி இப்போது கன்று போட்டுக் கறக்கிறது. அவளுடைய பசுவின் பாலைச் சந்தையில் விற்றுத்தான் அவளுக்கு நான் சோயா வாங்குகிறேன். கேட்டால் பசுவே சிரிக்கும்.

பெண்கள் சும்மா இருப்பார்களா? என் ஓரகத்தி ஆதாமா கிணற்றடியில் நாலு பேர் கேட்கச் சொல்கிறாள்: "மாட்டுக்காரன் வீட்டுல பொறந்த அவரைக்கொடி." அதோடு விட்டிருந்தால் பொறுத்திருப்பேன். நோன்புப் பெருநாளன்று, நான் சந்தைக்குப் போயிருந்த நேரம் பார்த்து, கும்போவுக்கு ஒரு அகப்பை தயிர் கொடுத்துவிட்டாள். நான் வரும்போது பிள்ளையின் கண் மூடிப்போயிருந்தது. உதடு காளான் மாதிரி. கிடாடோ தோளில் போட்டுக்கொண்டு கச்சியா ஊர் ஆஸ்பத்திரி வரை ஓடினார். ஊசி போட்டார்கள். பிழைத்தாள். ஆதாமா தலைமாட்டில் உட்கார்ந்து அழுதாள். "மாடு மேய்க்கிற ஃபுலானிப் பொண்ணு, நாலு வாய் குடிச்சா ரத்தம் தானே பழகிக்கும்னு நெனச்சேன்" என்றாள்.

ஒன்று கேட்கத்தான் இத்தனையும் எழுதினேன். இதை எவ்வளவு நாளுக்குக் கொடுக்கவேண்டும்? என்றாவது பால் குடிப்பாளா? சொல்லுங்கள்.

உங்கள்,
தாசோ


மைதுகுரி,
28 ஜூன் 1989

அன்புள்ள தாசோ,

உன் கடிதம் லாரிக்காரர்கள் கைமாறி வந்துசேர ஒரு மாதம் ஆகியிருக்கிறது. உன்னை எப்படி மறப்பேன்? சொன்னதைச் சொன்னபடி செய்த தாய்மார்களை எண்ண எனக்கு ஒரு கை விரல்கள் போதும். அதில் நீதான் முதல்.

ஆதாமாவைக் குழந்தை இருக்கும் பக்கமே விடாதே. ஒரு சொட்டுப் பால்கூட வேண்டாம். நெய் வேண்டாம். பால் கறந்த குடுக்கையில் அவளுக்குத் தண்ணீர்கூட மொண்டு கொடுக்காதே. சோயாவை விடாமல் கொடு. அவள் எடை நான் கிளம்பும்போது எப்படி இருந்தது என்று நினைத்துப் பார். அந்தச் சுற்றுவட்டாரத்தில் அவளைப்போல் கொழுகொழுவென்று ஒரு பிள்ளை இல்லை.

ஒரு நல்ல செய்தி. நான் கிளம்புமுன் கும்போ குவளையோடு நிற்கிற மாதிரி ஒரு படம் எடுத்தோமே, அதை அலுவலகத்தில் பெரிதாக அச்சடித்துவிட்டார்கள். இங்கே சத்துணவு முகாம் நடத்தும் இடமெல்லாம் அதை மாட்டித்தான் பேசுகிறேன். பெண்கள் அவளைப் பார்த்துவிட்டுத்தான் சோயா வாங்கப் போகிறார்கள். என்னை முகாம் பயிற்சியாளராக உயர்த்தப்போவதாகவும் பேச்சு. அதில் உன் மகளுக்கும் பங்கு உண்டு.

தொடர்ந்து கொடு. நிறுத்திவிடாதே.

அன்புடன்,
தலாத்து


கச்சியா மேய்ச்சல் நிலம்,
11 பிப்ரவரி 1991

அன்புள்ள சிஸ்டர்,

உங்கள் கடிதம் என் வயிற்றில் பால் வார்த்தது என்று அப்போதே எழுத நினைத்தேன். சந்தை, கறவை, கோடை என்று ஒன்றரை வருடம் ஓடிவிட்டது. நீங்கள் பெரிய வேலைக்குப் போய்விட்டதாக மருந்தகத்து ஆள் சொன்னார். சந்தோஷம்.

கும்போவுக்கு ஐந்து முடிந்துவிட்டது. வாயாடி. அண்ணன்கள் பால் கறக்கும்போது எட்டி நின்று, "என் பக்கம் தெளிச்சா செத்துடுவேன், அப்புறம் அப்பா ஒங்கள அடிப்பாரு" என்று மிரட்டுகிறாள். இப்போது யாரும் காவல் காக்க வேண்டியதில்லை. பால் குடுக்கையைக் கண்டால் தானே சுற்றிக்கொண்டு போகிறாள்.

ஆனால் ஒரு சங்கதி, சிஸ்டர். மழைக்காலம் முடிந்ததிலிருந்து கால் வலிக்கிறது என்கிறாள். ஓடமாட்டேன் என்கிறாள். ஓடைக்குக் கூப்பிட்டால் பாதி வழியில் உட்கார்ந்துவிடுகிறாள். நடக்கும்போது வாத்து மாதிரி ஆடி ஆடி வருகிறாள். முழங்கால்கள் ஒன்றையொன்று பார்க்காமல் வெளியே பார்க்கின்றன. மணிக்கட்டுகூட ஏதோ தடித்தமாதிரி இருக்கிறது. கிடாடோ மேய்ச்சலுக்குப் போகும்போது முதுகில் தூக்கிக்கொண்டு போகிறார். என் மாமியார் வழிச் சொந்தம் ஒருத்தர், தூங்குகிற பிள்ளையின் காலைத் தாய் தாண்டியிருப்பாள் என்று தாயத்து எழுதிக் கொடுத்தார். கட்டியிருக்கிறேன். அது அது பாட்டுக்கு இருக்கட்டும்.

கன்றுக்குட்டி நொண்டினால் புல்லைப் பார், தண்ணீரைப் பார் என்பார் என் அப்பா. இவள் தின்பதிலும் குடிப்பதிலும் ஏதாவது குறையா? கருவாடு இன்னும் கூடாதா? இந்தச் சோயா இன்னும் எத்தனை வருடம்? போன தடவையும் கேட்டேன். நீங்கள் மறந்திருப்பீர்கள்.

தாசோ


மைதுகுரி,
30 ஏப்ரல் 1991

அன்புள்ள தாசோ,

முகாம் முகாமாக அலைவதால் பதில் எழுதத் தாமதம். வளரும் பிள்ளைக்குக் கால் வலிக்கத்தான் செய்யும். சூடுபண்ணிய எண்ணெய் தடவி நீவிவிடு. பயப்பட ஒன்றுமில்லை என்றே நினைக்கிறேன்.

சோயா கொடுத்துக்கொண்டே இரு. முடிந்தால் கருவாட்டை முள்ளோடு இடித்து ஒரு சிட்டிகை களியில் கலந்து கொடுத்துப் பார். தடிக்காவிட்டால் தொடரலாம். ஜோஸ் பக்கம் எப்போதாவது போனால் பெரிய ஆஸ்பத்திரியில் ஒருதடவை காட்டினாலும் நல்லதுதான். அவசரம் இல்லை.

வண்டி காத்திருக்கிறது.

தலாத்து


கச்சியா மேய்ச்சல் நிலம்,
17 ஜனவரி 1994

சிஸ்டர்,

ஜோஸ் போய்வந்தோம். மூன்று வருடம் கழித்து. போன மாதம் கும்போ குடிசைக்குள்ளேயே தடுக்கி விழுந்தாள். விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. தொடை எலும்பு முறிந்துவிட்டது. கச்சியாவில் மட்டை வைத்துக் கட்டிவிட்டு, "இதுக்கு இங்க வழியில்ல, ஜோஸுக்குக் கொண்டு போங்க" என்றார்கள்.

அங்கே கண்ணாடி போட்ட ஒரு டாக்டரம்மா எக்ஸ்ரே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். எனக்கு என்ன தெரியும்? ஆனால் அந்த இரண்டு கால்களும் தெரிந்தன. வில்லை வளைத்து வைத்தமாதிரி. முதுகெலும்பும் சாய்ந்திருக்கிறதாம். எலும்பில் சுண்ணாம்புச் சத்தே இல்லை என்றார். இந்தப் பக்கத்து விவசாயக் குடும்பங்களில் நிறையப் பார்க்கிறாராம். "ஆனா நீங்க ஃபுலானி ஆச்சே, வீட்டுல பால் இல்லையா?" என்று கேட்டார்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். எட்டு மாதத்தில் நடந்தது, உங்கள் பேச்சு, சோயா, கருவாடு, ஆதாமாவின் தயிர். நீங்கள் சொன்னபிறகு கருவாட்டுத் தூளைக் கொடுத்துப் பார்த்தேன். குமட்டித் துப்பினாள். ஆகாதென்று நானும் விட்டுவிட்டேன். அதையும் சொன்னேன். டாக்டரம்மா கேட்டுவிட்டுச் சொன்னார்: "சோயாவத் தப்புச் சொல்லாதீங்கம்மா. அது நல்ல சாப்பாடுதான். ஆனா வீட்டுல பிழியற சோயாவுல மாட்டுப்பால்ல இருக்கற சுண்ணாம்பு கிடையாது. அத வேற எதுலயாவது ஈடு கட்டியிருக்கணும். யாரும் சொல்லலையா?"

நான் கும்போவின் போர்வையை இழுத்துச் சரிசெய்தேன். எங்கள் வழக்கத்தில் வெளியார் முன்னால் வாய்விட்டு அழக் கூடாது.

பிறகு கேட்டார்: "கடைசியா எப்போ பால் கொடுத்துப் பாத்தாங்க?" ஐந்து வருடம் ஆகிறது என்றேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். நிறையப் பிள்ளைகளுக்கு இது வளர வளரத் தானே போய்விடுமாம். ஆஸ்பத்திரியில் வைத்து அவ்வப்போது பார்க்கவேண்டுமாம்.

மறுநாள் காலை ஊசிகளையெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு, அவள் உதட்டில் ஒரு சொட்டுப் பால் தடவினார். காத்திருந்தோம். பிறகு ஒரு துளி நாக்கில். பிறகு ஒரு கரண்டி. கும்போ என் கையைப் பிடித்துக்கொண்டு, "அம்மா, நான் செத்துடுவேனா?" என்றாள். இல்லை என்றேன். அது எனக்கே தெரியாது. கண்ணை மூடிக்கொண்டு கடைசியில் அரைக் குவளை குடித்தாள், கண்ணீர் பாலில் விழுந்தது.

மத்தியானம்வரை அவள் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். வீங்கவில்லை. தடிக்கவில்லை. மூச்சு சீராக இருந்தது. பக்கத்துக் கட்டில்காரிகள் எல்லாம் அல்லாவுக்கு நன்றி சொன்னார்கள். நான் என்ன வேண்டிக்கொண்டேன் தெரியுமா, சிஸ்டர்? வீங்கவேண்டும் என்று வேண்டிக்கொண்டேன். வீங்கிவிட்டால், இத்தனை வருடமும் நான் செய்தது சரிதான் என்று ஆகிவிடும். பெற்றவள் இப்படியும் வேண்டுவாளா? வேண்டினேன்.

எங்கள் மருந்தகத்துக்கு உங்களைப்போல் எத்தனையோ பேர் வருகிறார்கள், போகிறார்கள். நான் உங்களை நம்பினேன். ஆகவே உங்களிடமே கேட்கிறேன். இது உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா? தெரியாது என்றால் அப்படியே எழுதிவிடுங்கள். என் மனம் ஆறிவிடும்.

தாசோ


மைதுகுரி,
22 மார்ச் 1994

தாசோ,

தெரியாது என்று ஒரு கடிதம் எழுதினேன். உறையில் போட்டு ஒட்டியும் விட்டேன். ஒரு வாரம் மேஜைமேல் கிடந்தது. இன்று அதைக் கிழித்துவிட்டு இதை எழுதுகிறேன்.

உன் ஊரில் இருந்தபோது தெரியாது. அது சத்தியம். எங்களுக்குக் கொடுத்த பயிற்சித் தாளில் 'சோயா, ஏழையின் பால்' என்றுதான் போட்டிருந்தது. படித்ததைச் சொன்னேன்.

1990 நவம்பரில் இலோரினில் பத்து நாள் வகுப்புக்கு அனுப்பினார்கள். ஐந்தாம் நாள் ஒரு அம்மாள் வந்து பாடம் எடுத்தார். பால் ஒவ்வாத பிள்ளைக்கு வெகுநாள் சோயா கொடுத்தால் சுண்ணாம்புச் சத்து தனியாகச் சேர்க்கவேண்டும், எடையும் உயரமும் காலும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பார்க்கவேண்டும், ஒவ்வாமை போய்விட்டதா என்று ஆஸ்பத்திரியில் சோதிக்கவேண்டும் என்றார். என் நோட்டில் எழுதிக்கொண்டேன். அந்தப் பக்கத்து ஓரத்தில் 'கும்போ' என்றும் எழுதினேன். நோட்டு இதோ என் முன்னால் இருக்கிறது.

மூன்று மாதம் கழித்து உன் கடிதம் வந்தது. வாத்து மாதிரி நடக்கிறாள் என்று. மணிக்கட்டு தடித்திருக்கிறது என்று. தாசோ, அந்த அம்மாள் கரும்பலகையில் எழுதிய அதே வார்த்தைகள். உன் கடிதத்தையும் என் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இரண்டு தடவை உள்ளதை எழுதினேன். இரண்டு தடவையும் கிழித்தேன்.

ஏன் என்று கேட்பாய். அப்போதுதான் பயிற்சியாளர் வேலை கைக்கு வந்திருந்தது. வந்ததே உன் மகளின் படத்தால். அதற்குள் நாற்பது முகாம் முடித்துவிட்டேன். ஒவ்வொன்றிலும் அந்தப் படத்தைக் காட்டி, சோயாவில் எல்லாம் இருக்கிறது என்று சொல்லியிருக்கிறேன். உனக்கு எழுதினால் நாற்பது ஊருக்கும் எழுதவேண்டும். எழுதினால் என் மேலதிகாரி என்ன சொல்வார் என்று தெரியும். அதனால் மனத்துக்குள் ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன். பாலுக்கு நடுவில் வாழ்கிறவர்கள், எப்படியாவது சத்து உள்ளே போய்விடும் என்று. இருக்காது, வேறு ஏதாவது வலியாக இருக்கும் என்று. கருவாட்டு முள்ளை இடித்துப் போடச் சொல்லி எழுதினேன். ஜோஸ் போகச் சொல்லி எழுதினேன். காரணத்தை எழுதவில்லை. அவசரம் இல்லை என்று எழுதினேன்.

மன்னிப்புக் கேட்க எனக்கு வாய் இல்லை. கும்போவின் எக்ஸ்ரேயை எந்த டாக்டரிடம் காட்டவேண்டுமோ காட்டுகிறேன். அனுப்பு.

தலாத்து


கச்சியா மேய்ச்சல் நிலம்,
9 ஜூன் 1994

தலாத்துவுக்கு,

இனி உன்னை சிஸ்டர் என்று எழுத என் கை வரவில்லை.

தெரியாமல் செய்தாய் என்று நினைத்திருந்தேன். ஆதாமாவும் தெரியாமல்தான் தயிர் கொடுத்தாள். அவளை ஐந்து வருடம் என் வாசலில் நான் சேர்க்கவில்லை. நீதான் எழுதினாய், பக்கத்தில் விடாதே என்று. ஒரு அகப்பை தயிர் கொடுத்தவளைச் சேர்க்காமல், உன் கடிதங்களை எண்ணெய்த் துணியில் சுற்றிக் கூரையில் செருகி வைத்திருந்தேன்.

கருவாட்டை இடித்துப் போடச் சொன்னாயாம். ஜோஸ் போகச் சொன்னாயாம். எப்படிச் சொன்னாய்? 'இந்தப் பக்கம் வந்தா ஒரு எட்டு வந்துட்டுப் போ' என்பார்களே, அப்படிச் சொன்னாய். யாராவது அதற்காக வண்டி கட்டிக்கொண்டு கிளம்புவார்களா? ஒரு வரி எழுதியிருந்தால் போதும். 'தாசோ, இது எலும்பு நோய், ஓடு' என்று. நான் ஓடியிருப்பேன். கிடாடோ ஓடியிருப்பார். நாங்கள் ஓடத் தெரிந்தவர்கள்.

போன வாரம் கஃபன்சான் ஆஸ்பத்திரியில் கட்டு பிரிக்கப் போயிருந்தோம். காத்திருக்கும் இடத்தில் சுவரில் அந்தப் படம். குவளையோடு நிற்கிறாள். கும்போ கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டாள், "யாரும்மா அந்தப் பாப்பா? கால் எவ்ளோ நேரா இருக்கு."

நான் தெரியாது என்று சொன்னேன். நீ எழுதத் துணியாத பொய்யை நான் சொன்னேன்.

இப்போது தினமும் பால் குடிக்கிறாள். டாக்டரம்மா சொன்னபடி இரண்டு வேளை, கூட மாத்திரையும். ஆசையாக இல்லை. மூக்கைப் பிடித்துக்கொண்டு குடிக்கிறாள். குடித்துவிட்டு ஒவ்வொரு தடவையும் தன் உதட்டைத் தொட்டுப் பார்க்கிறாள். ஏழு வருடம் அதை விஷம் என்று சொல்லி வளர்த்தது நான்தானே.

எக்ஸ்ரேயை அனுப்பமாட்டேன். அது ஒன்றுதான் எங்களிடம் இருக்கிறது.

தாசோ


மைதுகுரி,
3 நவம்பர் 1994

தாசோ,

நீ பதில் போடவேண்டாம். படித்தால் போதும்.

நாற்பது முகாம் நடந்த ஊர்களின் பட்டியலையும் உள்ளதையும் எழுதி அலுவலகத்துக்குக் கொடுத்துவிட்டேன். படத்தை எடுத்துவிடச் சொன்னேன். "ஒரு பிள்ளைக்கு ஆனத வச்சு ஊரெல்லாம் பயமுறுத்த முடியுமா?" என்றார்கள். காகிதம் எங்கே போனது என்று தெரியவில்லை. பயிற்சியாளர் வேலையை விட்டு வார்டுக்குப் போய்விட்டேன். விடுமுறைகளில் நானே ஒவ்வொரு ஊராகப் போகிறேன். பதினொரு ஊர் முடிந்திருக்கிறது. சில இடங்களில் தாய்மார்கள் ஊர் மாறிப் போய்விட்டார்கள்.

ஜோஸில் எலும்பு வெட்டி நேராக்கும் சர்ஜன் ஒருவர் இருக்கிறார். பேசிவிட்டேன். சத்து ஏறி எலும்பு ஆறினபிறகுதான் வெட்டமுடியும், பிப்ரவரியில் கொண்டுவாருங்கள் என்றார். பிப்ரவரி ஆறாம் தேதி நான் ஜோஸ் ஆஸ்பத்திரி வாசலில் இருப்பேன். நீ என் முகத்தைப் பார்க்கவேண்டாம். பிள்ளையைக் கொண்டுவா.

தலாத்து


கச்சியா மேய்ச்சல் நிலம்,
14 ஆகஸ்ட் 1995

சிஸ்டர் தலாத்து அவர்களுக்கு,

பிப்ரவரியில் பதினொரு நாள் ஆஸ்பத்திரி வராந்தாவில் நம் இருவருக்கும் நடுவில் கும்போ படுத்திருந்தாள். டாக்டர்கள் வேலைநிறுத்தம் இன்று முடியும், நாளை முடியும் என்றார்கள். நீங்கள் அவளைக் குளிப்பாட்டினீர்கள், தலை பின்னிவிட்டீர்கள். அவள் உங்களை அத்தை என்று கூப்பிட்டாள். உங்களிடம் எனக்குப் பேச்சு வரவில்லை. உங்கள் லீவு முடிந்து நீங்கள் பஸ் ஏறியபோது தண்ணீர்ப் புட்டியை மட்டும் கொடுத்தேன். அதைத் தப்பாக நினைத்திருக்கமாட்டீர்கள்.

அதற்குப் பிறகு நடந்தது இது.

ஜூனில் மறுபடியும் போனோம். அந்த சர்ஜன் சவுதிக்குப் போய்விட்டார். இடத்துக்கு வந்தவர் சின்ன வயது. நல்ல மாதிரி. புது எக்ஸ்ரே எடுத்தார். எலும்பு நன்றாகக் கெட்டிப்பட்டுவிட்டது என்றார். எனக்கு மூச்சு வந்தது. பிறகு சொன்னார்: "அதுதாம்மா கஷ்டம். கோணலாவே கெட்டியாயிடுச்சு. ரெண்டு கால்லயும் நாலஞ்சு எடத்துல வெட்டணும். அத நான் செஞ்சதில்ல. பொய் சொல்லி கத்தி வைக்கமாட்டேன்." வேறு யார் செய்வார்கள் என்று கேட்டேன். செய்யக்கூடியவர்கள் எல்லாம் நாட்டை விட்டுப் போய்விட்டார்கள் என்றார். நான் அவரை நம்புகிறேன். தனக்குத் தெரியாது என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்ன முதல் ஆள் அவர்.

கிளம்பும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டார். இடுப்பெலும்பும் ஒடுங்கிப்போயிருக்கிறதாம். "கல்யாணம் பண்ணி வச்சு, கர்ப்பமாகி, வீட்டுல பிரசவம் பாத்தீங்கன்னா தாயும் போயிடும், பிள்ளையும் போயிடும்" என்றார். அவளுக்கு ஒன்பது வயது. இங்கே இன்னும் நாலைந்து வருடத்தில் கேட்டு வருவார்கள். வராமலும் போகலாம். எதை வேண்டிக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை.

ஓடைக்கு அந்தப் பக்கம் முழுவதையும் விவசாயிகள் உழுதுவிட்டார்கள். மந்தைக்கு வழி இல்லை. கிடாடோ தெற்கே நைஜர் ஆற்றுப் பக்கம் போவதென்று முடிவு செய்தார். இருபது நாள் நடை. அவரைக் கெட்டவர் என்று எழுதமாட்டேன். ஐந்து வருடம் முதுகில் சுமந்தவர். என் முன்னால் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "தூக்கிட்டே போறேன்னு வை. எத்தன வருஷம் தூக்குவேன்? எனக்கப்புறம் யார் தூக்குவா?" கும்போவின் பசுவையும் அதன் இரண்டு கன்றுகளையும் எங்களுக்கு விட்டுவிட்டுப் போனார். பையன்கள் அவரோடு. அங்கே இன்னொருத்தியை மணந்துகொண்டதாக லாரிக்காரர் சொன்னார். மந்தைக்கு நடக்கக்கூடிய பெண்பிள்ளை வேண்டும்தானே.

ஆதாமாவும் அவர்களோடு போய்விட்டாள். போகிற அன்று வாசலுக்கு வெளியே நின்றே, "போயிட்டு வர்றேன், தாசோ" என்றாள். உள்ளே வா என்று நான் கூப்பிட்டேன். நேரமாகிவிட்டது என்று போய்விட்டாள். அவளிடம் சொல்ல எனக்கு இருந்தது நிறைய.

இப்போது இங்கே நானும் அவளும்தான். நான் சந்தைக்குப் போய்வரும்வரை குடிசை நிழலில் உட்கார்ந்திருப்பாள். தன் பசு வந்தால் பேசிக்கொண்டிருப்பாள். அழுவதில்லை. அழுதாலாவது தேவலை.

முந்தாநாள் பால் குடித்துவிட்டு, உதட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு, என்னிடம் கேட்டாள்:

"அம்மா, எப்போலேர்ந்து நான் பால் குடிச்சிருக்கலாம்?"

ஜோஸில் குடித்தாயே, அப்போதிலிருந்து என்றேன்.

"இல்லம்மா. அதுக்கு முன்னாடியே சரியாப் போயிருக்கும்ல? என்னைக்குன்னு கேக்கறேன். கால் வளையறதுக்கு முன்னாடியா, வளைஞ்சதுக்கு அப்புறமா?"

அவள் கையிலிருந்து குவளையை வாங்கிக் கழுவினேன். "அத்தைக்கு எழுதிக் கேளு, அவங்க படிச்சவங்க" என்றாள். அவள் கேட்டதால் எழுதுகிறேன். எனக்காக இல்லை. பதிலை அவளுக்கு வாசித்துக் காட்டுவேன். அதனால் வாசித்துக் காட்டக்கூடியதாக எழுதுங்கள். பொய் வேண்டாம்.

அதற்குப் பிறகு நாம் எழுதிக்கொள்ள ஒன்றும் இல்லை.

தாசோ


மைதுகுரி,
2 அக்டோபர் 1995

தாசோ,

இதைக் கும்போவுக்கு வாசித்துக் காட்டு.

கும்போ, அத்தை எழுதுகிறேன். நீ கேட்டது நல்ல கேள்வி. நான் ஐந்து டாக்டர்களிடம் கேட்டேன். சில பிள்ளைகளுக்கு மூன்று வயதில் சரியாகிறதாம். உனக்கு மூன்றில் சரியாகவில்லை, ஏனென்றால் ஆதாமா தயிர் கொடுத்தபோது வீங்கியது. சிலருக்கு நாலில், சிலருக்கு ஐந்தில், ஆறில். சிலருக்குக் கடைசிவரை சரியாவதே இல்லை. உனக்குச் சரியாகிவிட்டது. என்றைக்கு என்று சொல்ல ஒரே வழிதான் உண்டு. வருடத்துக்கு ஒருமுறை ஆஸ்பத்திரியில் வைத்து ஒரு சொட்டு உதட்டில் தடவிப் பார்த்திருக்கவேண்டும். அப்படிப் பார்க்கவேண்டும் என்று உன் அம்மாவுக்குத் தெரியாது. ஆனாலும் எத்தனை நாளைக்கு என்று இரண்டு தடவை எழுதிக் கேட்டார். பதில் சொல்லவேண்டியவள் நான். முதல் தடவை எனக்குத் தெரியாது. இரண்டாம் தடவை தெரியும். இரண்டு தடவையும் சொல்லவில்லை.

உன் கால் வளைய ஆரம்பித்தது நாலரை, ஐந்து வயதில். பால் சரியானது அதற்கு முன்னாடியா, பின்னாடியா?

முன்னாடியாக இருக்கலாம். பின்னாடியாக இருக்கலாம். எனக்குத் தெரியாது, கும்போ. இனி யாருக்கும் தெரியவராது.

தலாத்து அத்தை